கிளிப்பச்சை நூல்

உட்காருங்கள் அம்மா. அந்த நாற்காலி வேண்டாம், அதில் நூல் கூடை இருக்கிறது. ஐயா ஃபேனுக்கு நேராக உட்காரட்டும். மாசியிலேயே வெயில் இந்த அடி அடிக்கிறது. காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தீர்களாக்கும். பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பேக்கரியில் ஒரு டீ, மளிகைக் கடையில் ஒரு சோப்பு, அப்புறம் ஒவ்வொரு வீட்டு கேட்டிலும் பெயரைப் படித்துக்கொண்டே வருவார்கள். பெண் வீட்டுக்குத் தெரியாது என்று நினைப்பு. எங்கள் தெரு நாய்க்கே தெரியும். பாருங்கள், உங்களைப் பார்த்துக் குரைக்கவில்லை.

எதிர் வீட்டு நித்திலாவைப் பற்றித்தானே? உங்கள் அண்ணன் மகனுக்கு. வெள்ளகோவில். எண்ணெய் மில். எல்லாம் தெரியும். நித்திலாவே சொன்னாள். "ஞாயித்துக்கிழம அந்தப் பையனோட அத்தை வருவாங்க டீச்சர். எங்களைப் பத்தி யாருகிட்டக் கேக்கறதுன்னு தரகரு கேட்டாரு, உங்க பேரைச் சொல்லீட்டேன். எல்லாத்தையும் முதல்லருந்து சொல்லுங்க. ஒண்ணும் விட்டுறாதீங்க" என்றாள்.

எவ்வளவு நம்பிக்கை பாருங்கள். இதற்கு முன்னால் வந்த இடத்தையும் அவள் என்னிடம்தான் அனுப்பினாள். பெற்ற தாய் சுகுணா என்னோடு பேசுவதில்லை. வாசல் தெளிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டால் மிச்சத் தண்ணீரை என் பக்கமாக விசிறுவாள். ஆனால் மகள் அப்படி இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண் தங்கம். அவளைப் பற்றித் தெருவில் பேசுவதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை.

என்ன பேசுகிறார்கள் என்றா கேட்கிறீர்கள்? பேக்கரியில் டீ குடித்தீர்களே, அங்கே யாரும் சொல்லவில்லையா? அடடா. அப்படியென்றால் நான் ஆதியிலிருந்து வர வேண்டும். அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு போனால் பெண்ணைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

கையில் இருப்பதைப் பார்க்கிறீர்கள். இதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஜன்னலைப் பாருங்கள். கம்பியில் ஒன்று தொங்குகிறது அல்லவா, பச்சையாக? அதுதான் விஷயம். குழந்தைக் காலுறை. காலுறை என்றுகூடச் சொல்லக் கூடாது. கணுக்காலுக்கு மேலே நாடா வைத்து, முன்னால் மூக்கு வைத்து, குட்டி பூட்ஸ் மாதிரி வரும். பூட்டீஸ் என்று பெயர். இந்தத் தெருவில் எல்லோரும் டீச்சர் சாக்ஸ் என்பார்கள். எத்தனை தடவை திருத்தியிருப்பேன்.

நான் பெண்கள் பள்ளியில் கிராஃப்ட் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். வீட்டுக்காரர் மின்வாரியம். உள்ளே டிவி பார்க்கிறார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அது பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. ஒருத்தர் வீட்டு அந்தரங்கம் அது.

ரிட்டயர் ஆன பிறகு, தெருவில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் என் கையால் ஒரு ஜோடி பின்னிக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். சும்மா இல்லை, நல்ல உல்லன். கோயமுத்தூரிலிருந்து வரவழைக்கிறேன். திருப்பூரில் இருந்துகொண்டு கையால் பின்னுகிறேன் என்று சிரிக்காதவர்கள் இல்லை. நித்திலாவின் அப்பா நாச்சிமுத்துவே ஒரு நாள் சொன்னான். பின்தெருவில் அவனுக்குச் சின்னதாக ஒரு தையல் யூனிட் இருக்கிறது. "ஏனுங் டீச்சர், நீங்க ஒரு மாசம் பின்றதை எங்க மிஷினு ஒரு நிமிசத்துல துப்பிப்போடுமே." நான் கேட்டேன்: "துப்புனதையா நாச்சிமுத்து குழந்தை காலுல போடுவாங்க?" அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்த ஊர் வெயிலுக்கு உல்லனா என்பார்கள். கேட்கலாம். கால் சூடாக இருந்தால்தான் குழந்தை தூங்கும். சில குழந்தைகளுக்கு வேர்க்குரு வந்தது, உண்மைதான். அது தாய் சாப்பிட்டது சேராமல் வந்தது. ஒன்றிரண்டு பேர் போட்டோ எடுத்துவிட்டு உடனே கழற்றிவிட்டார்கள் என்றும் கேள்வி. நான் எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. மூலை வீட்டு ஜெயந்திக்கு இரண்டு குழந்தைகள், இரண்டு ஜோடி கொடுத்தேன். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனால் சாப்பாட்டு மேஜைப் பக்கம் ஒரு நாற்காலி. நான்கு காலிலும் என் பூட்டீஸ். தரையில் கீச்சென்று சத்தம் வருகிறதாம். "சரியாப் பொருந்துதுங்க டீச்சர், அளவெடுத்த மாதிரி" என்கிறாள் சிரித்துக்கொண்டு. அந்த நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. நின்றுகொண்டே காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் குழந்தை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதையும் வாங்கி வைக்கக் கூடாது, செய்து வைக்கக் கூடாது, இல்லையா? பிறந்த பிறகும் முதலில் பழைய துணியில்தான் சுற்றுவார்கள். ஆனால் எனக்குக் கண் முன்னைப் போல இல்லை. பிறந்த பிறகு ஆரம்பித்தால், முடிப்பதற்குள் குழந்தை நடந்துவிடும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஒரு கால் பின்னிவிடுவேன். ஒன்றே ஒன்று. அதை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிடுவேன். ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது அல்லவா, ஆகவே அது செய்துவைத்ததாகக் கணக்கில் வராது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது என்று தகவல் வந்ததும் மறு காலை ஆரம்பிப்பேன். தலைச்சன் குழந்தை என்றால் கிளிப்பச்சை. அடுத்தது என்றால் மஞ்சள். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்லக் கூடாதே, அதனால் அந்த வம்பே வேண்டாம் என்று இந்த ஏற்பாடு.

இதில் நான் யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கவனியுங்கள். ஒரு வார்த்தை. யாருக்கு என்று கேட்டால் சிரிப்பேன், அவ்வளவுதான். தெருவில்தான் தாங்களாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பால்காரரிலிருந்து இஸ்திரிக்காரர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பச்சை தொங்கினால், போன ஆவணியில் யாருக்குக் கல்யாணம் ஆயிற்று என்று யோசிப்பார்கள். ஒருமுறை ஒரு பெண்ணின் மாமியாருக்கே என் ஜன்னலைப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்தப் பெண் புருஷனிடம்கூட அப்போதுதான் சொல்லியிருந்தாளாம். எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியப்பட்டார்கள். எத்தனை வருஷம் வகுப்பறையில் நின்றவள் நான். எந்தப் பெண் வாந்தியை அடக்குகிறாள் என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. "உனக்கெதுக்கு?" என்பார். அவருக்கு எல்லாவற்றுக்கும் இதுதான். ஒரு மனிதர் ஆயுசு முழுக்க இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே ஓட்டிவிட்டார்.

போன வருஷம் ஆடியில் நடந்தது இது. நித்திலா ஏற்றுமதி கம்பெனியில் வேலை செய்கிறாள். வெளிநாட்டுக்காரர்களோடு ஆர்டர் பேசுகிற வேலை. குழந்தைத் துணிதான், எல்லாம் மிஷின் சமாச்சாரம். கம்பெனி பஸ் எங்கள் வாசலில்தான் நிற்கும். ஒரு நாள் சாயங்காலம் இறங்கினாள், இறங்கியதும் நேராகச் சாக்கடைப் பக்கம் போனாள், வாந்தி. மறுநாளும் அப்படியே. நான் சுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசனை பிடிக்காமல் மூக்கை மூடிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. ஒட்டின மாதிரி சுடிதார் போடுகிறவள், தொளதொளவென்று அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அந்த வாரமே அவளைக் கோபியில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால், கார் வைத்து.

பல்லடத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்திருந்தார்கள்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றித் தவறான எண்ணம் துளியும் கிடையாது. சத்தியமாகச் சொல்கிறேன். கல்யாணம் ஆகாத பெண், எனக்குத் தெரியாதா? ஆனால் கை இருக்கிறதே, அதற்கு ஒரு பழக்கம். அன்று சாயங்காலம் இதே இடத்தில் உட்கார்ந்து கூடைக்குள் கையை விட்டேன். பச்சை வந்தது. கண்ணி ஏற்றினேன். ஒருவேளை அப்படி இருந்தால், பாவம், அந்தக் குழந்தை என்ன தப்பு செய்தது? மற்றக் குழந்தைகளுக்கெல்லாம் பின்னிவிட்டு அதற்கு மட்டும் இல்லை என்றால் அது நியாயமா? என் மனசு அப்படிப்பட்டது. அது பெரிய மனசு என்று யாரும் புரிந்துகொள்ளவில்லை.

பின்னி முடித்துத் தொங்கவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் யாருமே இல்லை. அது என் குற்றமா? எல்லோரும் யோசித்தார்கள். ஜெயந்தி வந்து கேட்டாள்.

"பச்சை தொங்குதே, யாருக்குங்க டீச்சர்?"

"எல்லாம் நல்லபடியா நடந்தாச் சரி."

இவ்வளவுதான் நான் சொன்னது. சொல்லும்போது நாச்சிமுத்து வீட்டைப் பார்த்தேன் என்று அவள் சொல்லிக்கொண்டு திரிகிறாள். என் நாற்காலியே அந்தப் பக்கம் பார்த்துத்தான் கிடக்கிறது. நீங்களே பாருங்கள். நான் வேறு எங்கே பார்க்க முடியும்?

அடுத்த வாரம் பல்லடத்திலிருந்து பையனின் பெரியப்பா வந்தார். உங்களைப் போலவே. பேக்கரியில் டீ. அங்கே மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டே, "டீச்சர் பச்சை எடுத்துட்டாங்க" என்றிருக்கிறான். யாரிடமோ பொதுவாகச் சொன்னது. பெரியப்பா, அது என்னப்பா பச்சை என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறார்கள். அவர் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார். என்னிடம் வரவே இல்லை. வந்திருந்தால் நானே விளக்கிச் சொல்லியிருப்பேன். எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான், நேராக வந்து கேட்பதில்லை.

சம்பந்தம் முறிந்தது.

அன்றைக்குத்தான் சுகுணா வந்தாள். அதோ அந்த கேட்டைத் திறந்துகொண்டு வந்த வேகத்தில் தாழ்ப்பாள் வளைந்தது. இன்னும் சரியாக விழுவதில்லை.

"ஏனுங் டீச்சர், என்ற புள்ளைக்கு என்னன்னு இதைத் தொங்கவுட்டிருக்கறீங்க?"

"உன்ற புள்ளைக்குன்னு யாரு சொன்னா சுகுணா?"

"ஊரே சொல்லுது."

"அப்ப ஊரைப் போயிக் கேளு."

"இந்தத் தெருவுல வேற எவ இருக்கறா பச்சைக்கு? ஒரு பேரு சொல்லுங்க. ஒரே ஒரு பேரு சொல்லுங்க, நான் இப்பவே போயிடறேன்."

"பேரு சொல்ற பழக்கம் எனக்கு இல்லை."

"அதான் தொங்கவுடற பழக்கம் இருக்குதே!"

மஞ்சள் காமாலை என்றாள். கோபியில் பச்சிலை கொடுக்கிறார்கள், பத்தியம், அதனால்தான் அனுப்பினோம் என்றாள். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை முந்தானையில் சுருட்டி வைத்திருந்தாள், என் முகத்துக்கு நேராக ஆட்டினாள். நான் படிக்கவில்லை. ஒருத்தர் உடம்பு சமாச்சாரத்தை நான் எதற்குப் படிக்க வேண்டும்? "காமாலைன்னா முதல்லயே தெருவுல நாலு பேருகிட்டச் சொல்லியிருக்கலாமே சுகுணா. மூடி மறைச்சு, இருட்டோட இருட்டாக் கூட்டிட்டுப் போனா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று நல்லதுக்குத்தான் கேட்டேன்.

அவள் கம்பியிலிருந்து பூட்டீஸைப் பிய்த்தாள். நூல் நுனியைக் கண்டுபிடித்து உருவ ஆரம்பித்தாள். அம்மா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கண்ணி கண்ணியாக, மூக்கு, குதிகால், எல்லாம் அவிழ்ந்து சுருள் சுருளாக என் காலடியில் விழுகிறது. அழுதுகொண்டே உருவுகிறாள். ஒரு கால் முழுக்க. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு நேர்ந்த மாதிரி யாருக்கும் நேரக் கூடாது.

எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போய் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் வேலையைப் பாதியில் விடுகிறவள் இல்லை. அன்றைக்கே அதே நூலை நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்துத் திரும்பப் பின்னித் தொங்கவிட்டேன். காமாலை என்று தெரிந்த பிறகு எதற்கு என்கிறீர்களா? எடுத்துவிட்டால், அது நித்திலாவுக்குத்தான் தொங்கியது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா? அந்தப் பெண்ணின் பெயரைக் காப்பாற்றத்தான் தொங்கவிட்டேன்.

ஆனால் தெரு சும்மா இருக்குமா? நித்திலா புரட்டாசியில் திரும்பி வந்தாள். மெலிந்து, கண் உள்ளே போய். இவர்கள் ஜன்னலைப் பார்க்கிறார்கள், அவளைப் பார்க்கிறார்கள். கோபியில் வைத்துக் கலைத்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வாய் கூசாமல்! என்னிடமே வந்து சொன்னார்கள். நான் "சே, அப்படி இருக்காது" என்றேன். இருக்காது என்றுதான் சொன்னேன். "இல்லை" என்று சொல்ல நான் என்ன டாக்டரா?

அவள் வந்த மறுநாள் இந்த கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். தெரு முழுக்க வாசலில் நின்று பார்க்கிறது. தாயைப் போல மகளும் ஒரு கை பார்க்கப் போகிறாள் என்று. எனக்கே கொஞ்சம் திக்கென்றது. ஊசியைக் கூடையில் வைத்துவிட்டேன்.

அவள் அந்த நாற்காலியில், நூல் கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மா உருவிப்போட்டாங்களாமா டீச்சர்?"

"ஆமா கண்ணு. ஒரு காலு முழுக்க."

"திரும்பப் போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

"பல்லடத்துக்காரங்க வேண்டாம்னுட்டாங்க."

"கேள்விப்பட்டேன். நீ மனசுல வெச்சுக்காத கண்ணு."

"கல்யாணத்துக்கு அப்பறம் வேலைக்குப் போகக் கூடாதுன்னு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லீட்டாங்க. நான் அப்பாகிட்ட அழுது பாத்தேன். சாப்பிடாமக் கெடந்து பாத்தேன். ஒண்ணும் நடக்கல. நீங்க ஒரு காலுதான் டீச்சர் போட்டீங்க."

காமாலை விட்ட உடம்பு, ஏதோ பேசுகிறாள் என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு, "எனக்கும் கத்துக் குடுங்க" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் ஒரு பெண் அப்படிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். கண்ணி எண்ணுவதைவிட என்னிடம் பேச்சுக் கொடுப்பதில்தான் அவளுக்கு ஆசை. யார் வந்து விசாரித்தார்கள், நான் என்ன சொன்னேன், அவர்கள் முகம் எப்படிப் போயிற்று என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். அவளுக்குத் தன் கல்யாணத்தில் அவ்வளவு அக்கறை.

ஒருமுறை நானே கேட்டேன், அந்த ஒற்றைக் காலை எடுத்துவிடட்டுமா என்று. ஆத்திரத்தில் சுகுணா திரும்பவும் வந்துவிட்டால் என்ன செய்வது? "வேண்டாம் டீச்சர், அது அங்கயே இருக்கட்டும். எனக்கு ராசி" என்றாள். பாருங்கள், எவ்வளவு பெருந்தன்மை. வெயில் பட்டு நிறம் மங்கியபோது அவளே பெரிய பந்தாக ஒரு பச்சை நூல் வாங்கிவந்து, "புதுசு ஒண்ணு போட்டுத் தொங்கவுடுங்க" என்றாள். இப்போது தொங்குவது அந்தப் புது நூலில் போட்டதுதான். நல்ல பளிச்சென்று இருக்கிறது, தெருமுனையிலிருந்தே தெரியும். வரும்போது உங்களுக்குக்கூடத் தெரிந்திருக்குமே.

அப்புறம் தையில் பெருந்துறைக்காரர்கள் வந்தார்கள். அவர்களையும் நித்திலாதான் அனுப்பினாள். அந்த இடமும் நல்ல இடம். ஆனால் பையன் வீட்டில் அம்மாவுக்கு முடியவில்லை, அதனால் மருமகள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்றார்களாம். நியாயம்தானே? இதே மாதிரி உட்காரவைத்து, காபி கொடுத்து, எல்லாம் எடுத்துச் சொன்னேன். தெரு பேசுவது அத்தனையும் பொய் என்று ஒவ்வொன்றாக, இன்னார் இன்னது சொன்னார் என்று சொல்லி, அது ஏன் பொய் என்றும் சொன்னேன். "காமாலைதானுங்க. வேற எதுவுமே கிடையாது. நான் எத்தனையோ புள்ளைகளைப் பாத்தவ, என்னை நம்பலாம்" என்றேன். அந்த அம்மாள் முகம் ஏனோ சுருங்கிக்கொண்டே போனது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். ஊருக்குப் போய் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் பொருந்தித்தானே வந்தார்கள்? மனிதர்களுக்கு நேர்மை இல்லை.

ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். முக்கியமானதே இனிமேல்தான்.

நித்திலாவுக்குக் கம்பெனியில் என்னமோ டென்மார்க் என்கிறார்கள். துணி வாங்குகிறவர்களின் ஆபீஸாம், அங்கே இரண்டு வருஷம் வேலை. தேர்ந்தெடுத்ததே இவளை மட்டும்தானாம். சித்திரையில் சேர வேண்டும். பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் ஆகிக்கொண்டிருக்கிறது என்கிறாள். நாச்சிமுத்து விடுவானா? "பங்குனியில கல்யாணம். அப்பறம் புருசன் விட்டா எங்க வேணாப் போ" என்று ஒற்றைக் காலில் நின்றான். எந்தப் புருஷன் விடுவான்? உங்கள் அண்ணன் மகன் விடுவாரா? விட மாட்டார், இல்லையா? அதைத்தான் நானும் சொன்னேன். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஆனால் போன வாரம் நாச்சிமுத்து மொட்டைமாடியில் நின்று போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். நான் வடகம் எடுக்க எங்கள் மாடிக்குப் போயிருந்தேன், காதில் விழுந்தது. "இந்த வெள்ளகோயில் எடமும் தட்டிப்போச்சுன்னா, புள்ளைய அனுப்பிச்சுர வேண்டியதுதானுங்க. என்ன பண்றது? ரெண்டு வருசம் கண்ணுக்கு மறைவா இருந்தா இந்தப் பேச்சு அடங்கும்" என்கிறான். தனியாக ஒரு பெண் பிள்ளை, பாஷை தெரியாத ஊரில்! அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு நேரம் உங்களை உட்காரவைத்து ஒன்று விடாமல் சொல்கிறேன். உங்கள் இடம் எப்படியாவது முடிய வேண்டும். அந்தப் பெண்ணின் வாழ்க்கை இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

என்ன எழுந்துவிட்டீர்கள்? காபி இதோ ஆகிவிட்டது. ஏங்க, அடுப்பை அணைச்சீங்களா? அவருக்குக் காதில் விழாது. ஜாதகத்தை மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டுமா? பார்த்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் நான் சொன்னதை அப்படியே உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள். முக்கியமாக, கோபியில் வைத்து எதுவும் நடக்கவில்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அந்த ஒன்றில்தான் எல்லோருக்கும் சந்தேகம் வருகிறது.

கேட்டை இழுத்துச் சாத்த வேண்டாம், தாழ்ப்பாள் விழாது. சுகுணா வளைத்தது.

ஒரு நிமிஷம் அம்மா. கையில் இருப்பதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன் என்றேனே, மறந்துவிட்டேன். இதைப் பாருங்கள். எவ்வளவு நீளம்! குழந்தைக்கு இல்லை, நித்திலாவுக்கே. அவள் கால் அளவு. போன ஞாயிற்றுக்கிழமை காகிதத்தில் பாதத்தை வைத்து வரைந்து கொடுத்துவிட்டாள். "குழந்தைகளுக்குப் போடற அதே மாதிரியே வேணும் டீச்சர். அதே பச்சை. ஆனா ஒரு காலைப் போட்டுட்டு நிறுத்திறாதீங்க. ரெண்டு காலையும் சேத்துப் போட்டுருங்க, பங்குனி முடியறதுக்குள்ள வேணும்" என்றாள். உள்ளே இரண்டு மடிப்பாக வரவேண்டுமாம், குளிர் ஏறக் கூடாதாம். கல்யாணப் பெண்ணுக்கு, இந்த ஊர் வெயிலில், இரண்டு மடிப்பு உல்லன் எதற்கு என்று எனக்கு முதலில் புரியவே இல்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்து யோசித்துப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் சொல்லியிருக்கிறாள், பாவம்.

அதோ, மாடியில் நிற்கிறாள் பாருங்கள். நம்மைத்தான் பார்க்கிறாள். எவ்வளவு ஆவலாகப் பார்க்கிறாள்! நீங்கள் கிளம்பிவிட்டீர்களா என்று கையால் கேட்கிறாள். ஆமாம் கண்ணு, கிளம்பிவிட்டார்கள்.

உங்கள் அண்ணன் வீட்டில் எல்லா அறையிலும் ஏசிதானே?